கயிற்றிலும் பாறையிலும்: சிப்பியோடு குடியிருப்பவை

ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள கலீசியாவில், அரோசா என்ற உள்கடலில் தொங்கும் சிப்பிக் கயிறு ஒன்றை மேலே தூக்கினால், சிப்பிக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ஒரு நண்டு. அதன் ஓடு விரல் நகத்தைவிடப் பெரிதல்ல. உடம்பு தட்டை. இடுக்கிகள் மட்டும் நீளம். பிடித்தால் பிடித்த காலைக் கழற்றிவிட்டுத் தப்பிவிடும். இப்படி எளிதில் உடைவதால் இதன் குடும்பத்துக்குப் பீங்கான் நண்டு என்று பெயர். வாயருகே உள்ள தூவி போன்ற உறுப்புகளை நீரில் வீசி, மிதந்து வரும் துணுக்குகளைச் சேர்த்துத் தின்னும். இதை யாரும் வளர்க்கவில்லை, யாரும் வாங்குவதில்லை. ஆனாலும் அரோசாவின் கயிறுகளில் சிப்பியை விட்டால் மிகுதியாக இருப்பது இதுதான் என்று 1970களிலிருந்து அங்கே நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

சிப்பி வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது டன் கணக்கும் விலையும்தான் முதலில் வரும். அந்தக் கணக்கில் வராத உயிர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. சிப்பிகளின் இடுக்குகளில் யார் வாழ்கிறார்கள், பாறையில் தானாக வளர்ந்த சிப்பிக் கூட்டத்துக்கும் மனிதர் கட்டித் தொங்கவிட்ட கயிற்றுக்கும் அந்த வகையில் என்ன வேறுபாடு என்று பார்ப்போம்.

எந்தச் சிப்பி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முத்துச் சிப்பியோ, ஒரு பக்க ஓட்டைப் பாறையோடு சிமென்ட் போல ஒட்டிக்கொள்ளும் ஆயிஸ்டரோ அல்ல. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் மூழ்கிப் பாறையிலிருந்து பெயர்த்து எடுப்பார்களே, கேரளத்தில் கல்லுமேக்காய் என்று வறுத்துத் தருவார்களே, அந்த நீள்முக்கோண வடிவச் சிப்பி. நம் கரைகளில் இதில் பச்சை, பழுப்பு என இரண்டு வகை உண்டு. கலீசியாவில் வளர்வது கருநீல வகை. மூன்றின் வாழ்க்கை முறையும் ஒன்றுதான்.

இந்தச் சிப்பிக்கு நாக்கைப் போன்ற ஒரு பாதம் இருக்கிறது. அதன் அடியில் சுரக்கும் புரதம் நீருக்குள்ளேயே இறுகி நாராகிறது. நாரின் நுனியில் ஒட்டும் வட்டு ஒன்று உண்டு. இப்படிப் பல நார்களைப் பாறையிலும் பக்கத்துச் சிப்பியின் ஓட்டிலும் பாய்ச்சித் தன்னைக் கட்டிக்கொள்ளும். ஒரு சிப்பியின்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று அடுக்கு ஏறும்போது, வழவழப்பான வெறும் பாறை இருந்த இடத்தில் ஆயிரம் இடுக்குகள் தோன்றிவிடுகின்றன. அலை மேலே மோதும்; உள்ளே நீர் மெல்லத்தான் நகரும். வெயில் மேல் ஓட்டைச் சுடும். அடியில் ஈரம் நிற்கும். சிப்பியின் கழிவும் உடைந்த ஓட்டுத் துண்டும் மணலும் அடியில் தங்கி, பாறைக்கு மேலேயே ஒரு சேற்றுத் தளம் உருவாகும். சேற்றில் மட்டுமே வாழத் தெரிந்த புழுவும் இதனால் பாறைக் கரையில் குடியேற முடிகிறது. சிப்பி தன் பிழைப்புக்காகச் செய்யும் வேலை இது. அதன் பலன் மற்ற நூற்றுக்கணக்கான உயிர்களுக்குப் போகிறது.

எத்தனை உயிர்கள்? வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் உள்ள கலிஃபோர்னியச் சிப்பியின் படுகைகளில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் வெளிக்கரையில் தாமஸ் சுச்சானெக் 1970களில் செய்த ஆய்வில், அப்படுகைகளில் வாழும் வகைகள் 300 வரை வந்தன. புழுக்கள், நத்தைகள், கொட்டலசுகள், கூனி அளவுள்ள ஓட்டுயிர்கள், சின்ன நண்டுகள், கடல் சாமந்திகள், கடல் அட்டைகள், பாசிகள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. படுகை தடிக்கத் தடிக்க வகைகள் கூடுகின்றன. அந்தத் தடிமன் ஓரிரு ஆண்டில் வருவதல்ல. ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்கு அடுக்கு ஏற, அலையும் மிதந்து வரும் மரக்கட்டைகளும் அதைப் பெயர்க்காமல் பல ஆண்டுகள் விட்டு வைக்க வேண்டும்.

அதே கரையில் நடந்த மிகப் புகழ்பெற்ற ஆய்வு, மேலோட்டமாகப் பார்த்தால், இதற்கு நேர் எதிரான செய்தியைச் சொல்கிறது. ராபர்ட் பெய்ன் 1963இல் மக்காவ் விரிகுடாவில், சுமார் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பாறைப் பகுதியிலிருந்து சிப்பி தின்னும் நட்சத்திர மீன்களை இடைவிடாமல் அகற்றி வந்தார். தின்பவர் இல்லாததால் சிப்பி கீழ்நோக்கிப் பரவி இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாறையில் முதலில் 15 வகை உயிர்கள் இருந்தன. அவை 8 ஆகக் குறைந்தன. 1966இல் இந்த ஆய்வு வெளியானது. ஒரு சூழலின் கட்டுமானம் முழுவதையும் தாங்கும் திறவுகோல் உயிர் என்ற கருத்து இதிலிருந்துதான் பிறந்தது. அந்தச் சொல்லைப் பெய்ன் 1969இல் முன்வைத்தார்.

அப்படியானால் சிப்பி உயிர்களைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? இரண்டும் உண்மை. பெய்ன் கணக்கெடுத்தது பாறை முகத்தில் இடம் பிடிக்கப் போட்டியிடும் உயிர்களையும் அவற்றோடு வாழ்பவற்றையும். கொட்டலசும் பெரிய பாசியும் லிம்பெட் என்ற ஒட்டு நத்தையும் சிப்பியிடம் இடத்தை இழந்தன. சுச்சானெக் கணக்கெடுத்தது சிப்பிகளுக்கு நடுவே ஒளிந்திருந்த சிற்றுயிர்களை. வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரே கறுப்புப் போர்வையாகத் தெரிவது, உள்ளே பிரித்துப் பார்த்தால் நெரிசலான ஊர். பாடப் புத்தகங்களில் பெய்னின் ஆய்வு தவறாமல் இடம்பெறுகிறது, சுச்சானெக்கின் ஆய்வு அரிதாகவே. அதனால் பலரும் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

இனி கயிற்றுக்கு வருவோம். கலீசியாவில் சிப்பி வளர்ப்பு மிதவைகள் 1940களின் நடுவில் அரோசாவில் தொடங்கின. இப்போது 3,300க்கு மேற்பட்ட மிதவைகள் இருக்கின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரோசாவில். யூகலிப்டஸ் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, மிதவைகளின்மேல் ஏற்றிய மேடை அது. ஒரு மேடைக்கு அதிகபட்சம் 500 சதுர மீட்டர் பரப்பு, 500 கயிறு, கயிற்றுக்கு 12 மீட்டர் நீளம் என்பது விதி. எல்லா மேடையிலும் உச்ச அளவுக்குக் கயிறு தொங்குவதாக வைத்துக்கொண்டால் மொத்த நீளம் 20,000 கிலோமீட்டரை நெருங்கும். ஒரு காலத்தில் வெறும் நீராக இருந்த இடத்தில் இத்தனை நீளத்துக்குச் சிப்பி மூடிய மேற்பரப்பு வந்திருக்கிறது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த சத்தான நீர் மேலேறி இந்த உள்கடல்களுக்குள் நுழைகிறது. அதில் நுண்பாசி செழிக்கிறது. பல ஆண்டுகளில் 2 லட்சம் டன்னுக்கு மேல் சிப்பி விளைந்ததற்கு அதுதான் காரணம்.

புதிதாகத் தொங்கவிட்ட கயிற்றுக்கு யார் குடிவர முடியும்? இந்தக் கேள்வியில்தான் பாறைக்கும் கயிற்றுக்கும் உள்ள முதல் பெரிய வேறுபாடு இருக்கிறது. பாறைக்கு நடந்தும் ஊர்ந்தும் வரலாம். கயிறு நீருக்கு நடுவே தொங்குகிறது. அங்கே சேர, வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மிதக்கவோ நீந்தவோ தெரிந்திருக்க வேண்டும். அட்லாண்டிக் பாறைக் கரைகளில் சிப்பியின் பெரும் பகைகளில் ஒன்று, ஓட்டில் துளையிட்டு உள்ளே உள்ள சதையைக் கரைத்துத் தின்னும் ஒரு நத்தை. அது முட்டைகளைச் சிறு கூடுகளாகப் பாறையில் ஒட்டிவைக்கும். குஞ்சுகள் மிதக்கும் பருவமே இல்லாமல் அங்கேயே ஊர்ந்து வெளிவரும். ஆகவே அந்த நத்தை தானாகக் கயிற்றுக்கு வந்து சேர வழியில்லை. பாறைச் சிப்பிக்கு இந்த நத்தையோடு ஓயாத சண்டை: நெருங்கி வரும் நத்தையின்மேல் பல சிப்பிகள் சேர்ந்து நார் பாய்ச்சி அதை அசையவிடாமல் கட்டிப்போட்டுவிடும், கட்டுண்ட நத்தை பட்டினியில் சாகும். கயிற்றுச் சிப்பிக்கு அந்தச் சண்டைக்குப் பெரிதாக அவசியம் இல்லை.

நட்சத்திர மீனின் நிலை வேறு. அதன் இளம் பருவம் மிதந்து வரும், கயிற்றிலும் சிறு நட்சத்திர மீன்கள் கிடைக்கும். ஆனால் கடலடியில் திரியும் பெரிய நட்சத்திர மீன் மேலேற முடியாது. கயிறு தரையைத் தொடாதபடி பார்த்துக்கொள்வது வளர்ப்பவர்களின் பழைய பாடம். தொட்டால் அது ஏணி.

இரண்டாவது வேறுபாடு, கயிற்றுக்கு ஓதம் இல்லை. மேடை நீரோடு ஏறி இறங்குவதால் கயிறு எப்போதும் மூழ்கியே இருக்கும். பாறையில், நாளுக்கு இரண்டு முறை நீர் வடிந்து வெயிலும் மழையும் படும். அதைத் தாங்கத் தெரிந்தவையே அங்கே நிலைக்கும். கயிற்றிலோ காய்ந்துபோகும் அச்சம் இல்லாததால், பாறையில் தாழ்மட்டத்திலோ நீருக்கு அடியிலோ மட்டும் வாழக்கூடியவை குவிகின்றன. தொட்டால் நீரைப் பீச்சும் பை போன்ற உயிர்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். குச்சிப்பூச்சி போல ஒல்லியான காப்ரெல்லா என்ற ஓட்டுயிர்கள் பாசி இழைகளைப் பின்காலால் பற்றிக்கொண்டு ஆடும். சுண்ணக் குழாய் கட்டும் புழுக்கள், கொட்டலசுகள், இடுக்கில் செருகிக்கொண்டு உணர்விழைகளை மட்டும் விரிக்கும் ஒரு கடல் அட்டை வகை எல்லாம் உண்டு. இவற்றில் பல, சிப்பியைப் போலவே நீரை வடித்துத் தின்பவை, சிப்பிக்குப் போட்டி. ஆகவே வளர்ப்பவர் இவற்றைத் தொல்லை என்றுதான் நினைப்பார். நினைப்பதில் தவறும் இல்லை: பீச்சும் பைகள் மிகுந்தால் கயிற்றின் எடை ஏறும், சிப்பி நழுவி விழும்.

ஒரே கயிற்றிலும் மேலும் கீழும் ஒன்றல்ல. மேல் சில மீட்டர்களில் வெளிச்சம் இருப்பதால் பாசி படரும், பாசியை நம்பும் சிறு ஓட்டுயிர்கள் அங்கே கூடும். கீழே வெளிச்சம் குறையக் குறைய விலங்குகள் ஆதிக்கம் பெறும். இவை போதாதென்று சிப்பிக்கு உள்ளேயும் குடித்தனம் நடக்கிறது. செவுளுக்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு நண்டு வாழ்ந்து, சிப்பி சேர்க்கும் உணவைப் பங்கு போட்டுக்கொள்ளும். குடலில் செந்நிறப் புழுவைப் போல நீண்ட ஓர் ஒட்டுண்ணி இருக்கும். பார்க்கப் புழுவாகத் தெரிந்தாலும் அது ஓட்டுயிர் இனம்.

மறுபடி அந்தப் பீங்கான் நண்டு. அது சிப்பிக்கு இடையில் ஒளிந்து வாழ்வதால் பெரிய மீன்களிடமிருந்து ஓரளவு காப்பு. ஆனால் கயிறு அசையும்போதும், அறுவடைக்காகத் தூக்கி உதறும்போதும் ஆயிரக்கணக்கில் கீழே விழும். அரோசாவின் அடிமட்ட மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வாளர்கள், மேடைகள் நிறைந்த பகுதியில் அவை சேற்றில் வாழும் புழுக்களைவிடக் கயிற்றிலிருந்து வரும் இந்த நண்டைப் பெரிதும் நம்பி இருப்பதை 1980களில் கண்டார்கள். கலீசியர்கள் விரும்பி உண்ணும், சந்தையில் நல்ல விலை போகும் நெக்கோரா என்ற நண்டும் மேடைகளுக்கு அடியில் விழுந்த சிப்பியையும் பீங்கான் நண்டையும் தின்று வளர்கிறது. பீங்கான் நண்டின் லார்வாக்களும் சாதாரணமானவை அல்ல. முன்னால் ஈட்டி போல நீண்ட ஒரு முள்ளோடு மிதந்து திரியும் அவை, அரோசாவின் மிதவை விலங்குகளில் கணிசமான பங்காகிவிட்டன. சிப்பிக்காகக் கட்டிய கயிறு, அந்த உள்கடலின் நீர், மீன், நண்டு மூன்றையும் மாற்றியிருக்கிறது.

மாற்றத்தின் இன்னொரு முகம் கீழே இருக்கிறது. சிப்பி மணிக்குச் சில லிட்டர் நீரை வடிக்கும். தின்னத் தகாத துகளைக் குடலுக்குள் விடாமல் சளியில் உருட்டி வெளியே தள்ளிவிடும். இந்தப் போலிக் கழிவும் உண்மைக் கழிவும் நீரில் மிதந்த நுண்துகளைக் கனமான உருண்டையாக்கி நேரே அடிக்கு அனுப்புகின்றன. பல பத்தாண்டுகளாக இது தொடரும் இடத்தில் சேறு கறுத்து, மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் இல்லாமல் போகிறது. வகை வகையான சேற்றுயிர்கள் இருந்த இடத்தில், நெருக்கடியைத் தாங்கும் சிறு புழுக்கள் சில மட்டும் பெருகுகின்றன. மேடைகள் குறைவாக உள்ள பக்கத்து உள்கடலான மூரோஸோடு அரோசாவை ஒப்பிட்ட கென்னத் டெனோரும் உடன் ஆய்ந்தவர்களும் 1982இல் இந்த வேறுபாட்டை விவரித்தார்கள். நீரோட்டம் வலுவாக ஓடும் இடத்தில் கழிவு பரவி நீர்த்துவிடும், தேங்கும் இடத்தில் குவியும். எனவே ‘சிப்பி வளர்ப்பு கடலுக்கு நல்லதா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஆழத்தில், எந்த ஓட்டத்தில், எத்தனை மேடைகள் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வயது. கலீசியக் கயிற்றில் சில மாதங்கள் வளர்ந்த சிப்பியை மேலே தூக்கி, உதிர்த்து, நெரிசல் குறைத்துப் புதுக் கயிறுகளில் மறுபடி கட்டுவார்கள். அப்போதே அங்கே சேர்ந்த குடிகளில் பெரும்பகுதி போய்விடும். பிறகு மொத்தம் ஒன்று, ஒன்றரை ஆண்டில் அறுவடை. கேரளத்தின் வடகோடியில் படன்னா, கவ்வாயி காயல் பகுதிகளில் 1990களின் நடுவிலிருந்து வேரூன்றிய பச்சைச் சிப்பி வளர்ப்பில் காலம் இன்னும் குறுகியது. மழைக்காலத்தில் காயல் நன்னீராகிவிட்டால் சிப்பி செத்துப்போகும். ஆகவே நவம்பர், டிசம்பரில் குஞ்சைத் துணிவலையில் சுற்றிக் கட்டி, மே மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அங்கே கயிற்றுக் குடிகளுக்குக் கிடைப்பது ஐந்தாறு மாதம். சீக்கிரம் வந்து, சீக்கிரம் பெருகி, சீக்கிரம் முட்டை விடும் உயிர்களுக்குத்தான் இந்த அவகாசம் போதும். மெல்ல வளர்வனவும், அடியில் சேறு படிந்து தடித்த பிறகே வருவனவும் ஒருபோதும் வராது. வாழைத்தோப்பிலும் பறவையும் பூச்சியும் உண்டு. அதற்காக அது கோயில்காடு ஆகிவிடாது.

மீனுக்கோ கயிறு விருந்து. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களில் தென் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பழுப்புச் சிப்பியை மிதவைகளில் வளர்த்துப் பார்த்தபோது, உறுதியான பற்கள் கொண்ட ஒரு ப்ரீம் வகை மீன் கூட்டமாக வந்து இளஞ்சிப்பிகளைக் கடித்துத் தின்றது பெரும் இடராக இருந்தது. கலீசியாவிலும் ப்ரீம் வகை மீன்கள் குஞ்சுக் கயிறுகளை மொட்டையடிப்பது உண்டு. ஓதம் வடியும் பாறையின் மேல்மட்டத்தில் மீனுக்குக் கிடைப்பது மூழ்கியிருக்கும் நேரம் மட்டும். கயிற்றில் பகலும் இரவும்.

பாறையும் கயிறும் தனித்தனி உலகங்கள் என்று இதுவரை சொன்னது போலத் தோன்றலாம். அவற்றைப் பிணைப்பது குஞ்சு. கலீசியாவில் கயிற்றில் கட்டும் குஞ்சுச் சிப்பியின் பெரும்பகுதி, அலை மோதும் வெளிக்கரைப் பாறைகளிலிருந்து இரும்புச் சுரண்டியால் பெயர்த்து எடுக்கப்படுவது. மீதி, இளவேனிலில் தொங்கவிடும் சேகரிப்புக் கயிறுகளில் தானாக வந்து ஒட்டுவது. வட கேரளத்திலும் காயலில் கட்டும் குஞ்சு கடற்பாறையிலிருந்துதான் வருகிறது. சுரண்டும்போது குஞ்சோடு சேர்ந்து சின்ன நத்தையும் புழுவும் நண்டும் பெயர்ந்து, கயிற்றோடு சவாரி செய்து உள்கடலுக்கு வருகின்றன. மிதந்தோ நீந்தியோ வர முடியாதவை வரும் ஒரே வாகனம் அது. ஆனால் பாறையின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொரு சுரண்டலும் அடுக்கு ஏறும் கடிகாரத்தை மறுபடி சுழியத்தில் வைக்கிறது.

பாறைப் படுகைகள் தாமாகவே நலமாக இருக்கின்றன என்று நம்புவதற்கும் இடமில்லை. கலிஃபோர்னியக் கரையில் 1960களிலும் 70களிலும் கணக்கெடுத்த அதே சிப்பிப் படுகைகளை 2002இல் மீண்டும் கணக்கெடுத்தவர்கள், அவற்றில் வாழ்ந்த உயிர் வகைகள் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதைக் கண்டு 2006இல் வெளியிட்டார்கள். குறைவு ஓரிரு இடத்தோடு நிற்காமல் நீண்ட கரை நெடுகத் தெரிந்ததால், உள்ளூர்க் காரணங்களைவிடக் கடல் வெப்பம் போன்ற பெரிய அளவிலான மாற்றங்களையே அவர்கள் ஐயப்பட்டார்கள். சிப்பி இருக்கிறது, அதோடு வாழ்ந்தவை இல்லை. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது.

அதனால்தான் மிதவைகள் வந்தால் கடலில் உயிர்வளம் பெருகும், பாறைகளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. மிதவைகள் பெருக்கும் உயிர்வளம் உண்மை. அரோசாவின் மீன்களுக்கும் நெக்கோராவுக்கும் அது சோறு போடுகிறது. ஆனால் அங்கே பெருகுபவை வேறு உயிர்கள். தடித்த பாறைப் படுகையின் அடியில் வாழ்பவற்றுக்குக் கயிற்றில் இடம் கிடையாது. சேகரிப்புக் கயிறுகளிலிருந்து வரும் குஞ்சின் பங்கைக் கூட்டலாம். சுரண்டும் பாறைகளை ஆண்டுதோறும் மாற்றி, சில படுகைகளை யாரும் தொடாமல் விட்டுவைக்கலாம். மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களுக்கும் மிதவைக்காரர்களுக்கும் தெரியாத உத்திகள் அல்ல இவை. கலீசியாவில் ஆகட்டும், விழிஞ்ஞத்திலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள பாறைகளில் ஆகட்டும், எந்தப் படுகையை விட்டுவைப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில், சிப்பியின் எடையோடு அதன் அடியில் எத்தனை வகை வாழ்கின்றன என்ற கணக்கும் மேசைமேல் இருக்க வேண்டும். ஒரு சாண் சதுரத்தில் படுகையைப் பெயர்த்து, சல்லடையில் அலசி, கிடைப்பவற்றை வகை பிரித்து எண்ணினால் போதும். ஒரு கல்லூரி விலங்கியல் துறை ஒரு பருவத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது.